சி டிரைவ் நிரம்பினால் எங்கே கைவைப்பது? அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

டெல்டாவில் கணினி நிரம்புவதற்கும் ஒரு பட்டம் உண்டு. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் என்று ஸ்கேன் செய்து தள்ளும் ஐப்பசியில் இ-சேவை மையத்துக் கணினி நிரம்பும். முகூர்த்த மாதங்களில் கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து ஸ்டுடியோ கணினிகள். அறுவடை சமயத்தில் ரைஸ் மில் எடைமேடைக் கணினி. திரையில் வரும் செய்தி எல்லாவற்றிலும் 'லோ டிஸ்க் ஸ்பேஸ்'தான். ஆனால் இடத்தைத் தின்பது ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் நெட்டில் கிடைக்கும் 'கிளீனர்' ஒன்றை ஓட்டிவிட்டுச் சும்மா இருப்பதில் பயனில்லை. அவை பெருமையடிக்கும் ரெஜிஸ்ட்ரி கிளீனிங் சில எம்பி இடத்தைக்கூட மீட்டுத் தராது.

இங்கே இருப்பது விண்டோஸ் 10, 11-க்கான வழி. சி என்பது விண்டோஸ் இருக்கும் டிரைவ்; டி என்பது அதே கணினியில் கோப்புகளுக்கான அடுத்த டிரைவ். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

## எதையும் அழிப்பதற்கு முன்

முதலில் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளின் போர்ட்டபிள் பதிப்பை வேறொரு கணினியில் இறக்கி, பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். நிரம்பிய சி டிரைவில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. நீலத்தில் 'குட்' என்று வந்தால் மேற்கொண்டு போகலாம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்து, 05, சி5, சி6 என்ற வரிகளில் எண் ஏறியிருந்தால் டிஸ்க்கில் பழுதான இடங்கள் உருவாகிவிட்டன. அப்போது சுத்தம் செய்யும் வேலையே வேண்டாம். மணிக்கணக்கில் படித்து எழுதும் வேலைதான் பழுதான டிஸ்க்கை முடித்துவைக்கும். டேலி டேட்டா, வாடிக்கையாளர் கோப்புகள், போட்டோக்கள் என்று முக்கியத்துவ வரிசையில் முதலில் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். பிறகு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தால், யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ஆப்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ், டாக்குமென்ட்ஸ் எனக் கணக்கு வரும். இது மேலோட்டமான கணக்கு. எந்த ஃபோல்டர் என்று துல்லியமாகத் தெரிய விஸ்ட்ரீ என்ற மென்பொருள் போதும். ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் டிரைவை நேரடியாகப் படித்து, பெரியது முதல் சிறியது வரை சில நொடிகளில் வரிசைப்படுத்திவிடும். இப்போது எத்தனை ஜிபி காலி என்பதை ஒரு தாளில் தேதியோடு குறித்துவையுங்கள். மறுநாள் அதே எண்ணைப் பார்க்கும்போது, உங்கள் பிரச்சினை கீழே முதல் அறிகுறியா இரண்டாவதா என்பது தெரிந்துவிடும்.

எந்த நிலையிலும் கையால் அழிக்கக் கூடாதவை: விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர், சிஸ்டம்32. இன்ஸ்டாலர் ஃபோல்டரை அழித்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில மாதம் கழித்து ஆபீஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போதுதான் முரண்டு பிடிக்கும். அதற்குள் காரணம் மறந்திருக்கும்.

## அறிகுறி: மாதக்கணக்கில் மெல்ல நிரம்பி, இப்போது பட்டை சிவப்பு

காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டை சிவப்பாகும். இங்கே பெரும்பாலும் கோளாறு எதுவும் இல்லை; சேர்ந்துபோன குப்பைதான்.

டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின். இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் பாதிக் கேஸ் இதோடு முடிந்துவிடும். வாட்ஸ்அப் வெப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு பிடிஎஃப்பும் டவுன்லோட்ஸில்தான் இறங்கும். பிரிண்ட் எடுத்தபின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தவர் ஆதாரையும் பட்டாவையும் கடைக் கணினியில் வருஷக்கணக்கில் வைத்திருப்பது இடப் பிரச்சினை மட்டுமல்ல. ஸ்டோரேஜ் பக்கத்தில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்பதை ஆன் செய்து, டவுன்லோட்ஸில் 14 நாள் திறக்கப்படாத கோப்புகளை நீக்கும்படி அமைத்துவிடலாம். அதற்கு முன், சொந்தக் கோப்பு எதுவும் அங்கே கிடக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜ் சென்ஸ் அழித்ததை ரீசைக்கிள் பின்னில் தேடி எடுக்கலாம் என்று நம்பி இறங்காதீர்கள்.

ஸ்கேன் அளவு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கலராக ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள். சுருக்காமல் சேமித்தால் ஒரு பக்கம் சுமார் 26 எம்பி. 600 டிபிஐ வைத்தால் நான்கு மடங்கு, அதாவது நூறு எம்பியைத் தாண்டும். அதே தாளை 200 டிபிஐ-யில் கிரேஸ்கேலாக எடுத்தால் 4 எம்பிக்குள் வரும். ஜேபெக்காகவோ பிடிஎஃப்பாகவோ சேமித்தால் இன்னும் வெகுவாகக் குறையும். ஸ்கேனர் மென்பொருளில் யாரோ ஒருமுறை போட்டோ ஸ்கேன் செய்வதற்காக 600 டிபிஐ, பிஎம்பி (சுருக்காத பட வடிவம்) என்று மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அதன்பின் ஒவ்வொரு சிட்டாவும் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும். அரசு தளங்களில் ஏற்றுவதற்கு எப்படியும் சுருக்கத்தான் வேண்டும். எனவே 200 டிபிஐ, கிரேஸ்கேல், பிடிஎஃப் என்று நிரந்தரமாக அமையுங்கள். சேமிக்கும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றுங்கள்.

டெம்பரரி ஃபைல்ஸ். ஸ்டார்ட்டில் 'டிஸ்க் கிளீனப்' என்று தேடி, சி-யைத் தேர்ந்து, உள்ளே 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானையும் அழுத்துங்கள். அதை அழுத்தாமல் வருகிற பட்டியல் பாதிதான். 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்', 'டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்', 'தம்ப்நெயில்ஸ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' இவற்றில் டிக் போடலாம். 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று ஒரு வரி இருந்தால் அது விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியபோது மிஞ்சிய பழைய விண்டோஸ். பல ஜிபி இருக்கும். பத்து நாளில் தானாகவே போய்விடும். அதற்குள் புதிய விண்டோஸில் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அழித்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. சில விண்டோஸ் 10 பதிப்புகளில் இதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் வரும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் டிக் போட்டால் மொத்தமாகப் போய்விடும்.

அப்டேட் கிளீனப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரம்கூட ஓடும்; மீதியை ரீஸ்டார்ட் ஆகும்போது முடிக்கும். யுபிஎஸ் இல்லாமல், ஐப்பசி மழையில் கரண்ட் வந்து வந்து போகும் நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

ஹைபர்னேஷன் கோப்பு. சி டிரைவின் வேரிலேயே (எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல்) மறைந்திருக்கும் இது ரேம் அளவில் ஏறக்குறைய 40 சதவீதம் எடுக்கும். 8 ஜிபி ரேமுக்கு 3 ஜிபிக்கு மேல். டெஸ்க்டாப்பில் இது தேவையில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் ஹெச்சும், மறுபடி இடம் விட்டு 'ஆஃப்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். உடனே இடம் திரும்பும். கணினி ஆன் ஆவது கொஞ்சம் தாமதமாகும். லேப்டாப்பில் செய்வதற்கு முன் யோசியுங்கள்: நீண்ட மின்வெட்டில் பேட்டரி தீரும் கட்டத்தில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது இந்த ஹைபர்னேஷன்தான்.

ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட்டில் 'கிரியேட் அ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறந்து, சி-யைத் தேர்ந்து, 'கான்ஃபிகர்' உள்ளே போனால் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். ஐந்து சதவீதத்துக்கு இறக்கினால் போதும். முழுவதும் நிறுத்த வேண்டாம்.

இடம் மாற்றுதல். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை, டி காலியாக இருக்கிறது என்றால், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'லொகேஷன்', 'மூவ்'. டி-யில் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை முதலில் உருவாக்கி அதைத் தேருங்கள். டி டிரைவின் வேரையே தேர்ந்தெடுத்துவிட்டால் மொத்த டி-யும் 'டவுன்லோட்ஸ்' ஆகிவிடும். திருப்புவது பெரிய தொல்லை.

## அறிகுறி: துடைத்தெடுத்தாலும் இரண்டே நாளில் திரும்ப நிரம்புகிறது

நேற்று 15 ஜிபி காலி செய்தீர்கள், இன்று 2 ஜிபி. இங்கே மறுபடி மறுபடி அழிப்பது, மடையை அடைக்காமல் வயலில் நிற்கும் தண்ணீரை இறைக்கிற வேலை. எது எழுதிக்கொண்டே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விஸ்ட்ரீயைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஓட்டி, எந்த ஃபோல்டர் வளர்ந்தது என்று பாருங்கள்.

விண்டோஸ் > சிஸ்டம்32 > ஸ்பூல் > பிரிண்டர்ஸ் வளர்கிறதா? ஜெராக்ஸ் கடைகளில் முதல் சந்தேகம் இதுதான். பிரிண்டுக்குக் கொடுத்த ஒவ்வொரு வேலையும் இங்கே எஸ்பிஎல், எஸ்ஹெச்டி என்று இரட்டைக் கோப்பாக எழுதப்பட்டு, அச்சானதும் அழியும். படங்கள் நிறைந்த சில எம்பி பிடிஎஃப் இங்கே நூற்றுக்கணக்கான எம்பியாக விரியும். அழியாமல் தங்க இரண்டு காரணம். ஒன்று, நடுவில் கரண்ட் போய்ச் சிக்கிய வேலைகள். மற்றொன்று, 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' என்ற டிக். அது விழுந்திருந்தால் அச்சான ஒவ்வொன்றும் அங்கேயே தங்கும். பிரிண்டரில் எந்தக் கோளாறும் தெரியாது, டிஸ்க் மட்டும் நிரம்பும்.

1. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய் அந்த டிக்கை எடுங்கள். கடையில் மூன்று பிரிண்டர் இருந்தால் மூன்றிலும் பாருங்கள்.
2. ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை 'ஸ்டாப்' செய்யுங்கள்.
3. பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள் (சிஸ்டம்32-ஐத் தொடக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது மட்டும் விலக்கு). ஃபோல்டரை அழிக்காதீர்கள்.
4. ஸ்பூலரைத் திரும்ப 'ஸ்டார்ட்' செய்து ஒரு பக்கம் சோதனைக்கு அச்சிடுங்கள்.

விண்டோஸ் > டெம்ப்பில் 'கேப்' என்று தொடங்கும் கோப்புகள் குவிகின்றனவா? பழைய கணினிகளில், குறிப்பாக இன்னும் விண்டோஸ் 7 ஓடும் மில் கணினிகளில் இது வரும். விண்டோஸின் சிபிஎஸ் என்ற பதிவுக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டிவிட்டால், அதைச் சுருக்கும் முயற்சி தோற்று, ஒவ்வொரு முறையும் 100 எம்பி அளவில் ஒரு மிச்சக் கோப்பை டெம்ப்பில் விட்டுவிட்டு மறுபடி முயலும். டெம்ப்பை மட்டும் துடைத்தால் மறுநாளே திரும்பிவிடும். சர்வீசஸில் 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்' சேவையை நிறுத்தி, விண்டோஸ் > லாக்ஸ் > சிபிஎஸ் ஃபோல்டரில் இருக்கும் பெரிய பதிவுக் கோப்பை முதலில் அழியுங்கள். பிறகு டெம்ப்.

விண்டோஸ் > சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன் > டவுன்லோட் வளர்கிறதா? அப்டேட் இறங்குகிறது, இடமில்லாமல் தோற்கிறது, மறுபடி இறங்குகிறது. 'விண்டோஸ் அப்டேட்' சேவையை நிறுத்தி, இந்த டவுன்லோட் ஃபோல்டரின் உள்ளடக்கத்தை அழித்து, சேவையைத் திரும்ப ஓட்டுங்கள். சி-யில் 20 ஜிபியாவது காலி செய்துவிட்டு அப்டேட்டை முடிய விடுங்கள்; இல்லாவிட்டால் சுற்று நிற்காது.

எடைமேடைப் படங்கள். கேமரா பொருத்திய எடைமேடை மென்பொருள்கள் வண்டி ஏறும்போதும் இறங்கும்போதும் படம் எடுத்துச் சேமிக்கும். கேமரா இரண்டு இருந்தால் ஒரு லோடுக்கு நான்கு படம். கொள்முதல் நடக்கும் வாரங்களில் லாரி வரிசை கட்டி நிற்கும்போது எவ்வளவு சேரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இது குப்பையல்ல, எடைச் சீட்டுக்கான ஆதாரம். கணக்கு முடியும்வரை அழிக்கக் கூடாது. மென்பொருளின் அமைப்பில் படம் சேமிக்கும் இடத்தை டி-க்கோ வெளி டிஸ்க்குக்கோ மாற்றுங்கள். படத்தின் தரத்தை, வண்டி எண் தெளிவாகப் படிக்கும் அளவுக்குக் குறையுங்கள். பழைய படங்களை வேறிடத்துக்கு நகர்த்தினால் பழைய சீட்டைத் திறக்கும்போது படம் தெரியாமல் போகலாம். மென்பொருள் போட்டுக்கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

டேலி பேக்கப். உரக்கடையிலும் மில்லிலும் தினசரி பேக்கப் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அது அதே சி டிரைவிலேயே போய் விழும். டிஸ்க் போனால் பேக்கப்பும் சேர்ந்து போகும். எனவே இது இடத்தை மட்டும் தின்கிற பேக்கப். வெளி டிஸ்க்குக்கு மாற்றி, கடைசி ஏழெட்டு நாளும் ஒவ்வொரு மாதக் கடைசியும் இருந்தால் போதும். இன்னொன்று: டிஸ்க் முழுக்க நிரம்பிய நேரத்தில் டேலி சேமிக்க முயன்றால் டேட்டாவே சேதமாகலாம். சிவப்புப் பட்டை கண்ட கணினியில் முதலில் டேலியை மூடி, டேட்டா ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்குக் காப்பி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இவற்றில் எதுவும் இல்லாமல், பெயர் புரியாத ஃபோல்டர் ஒன்று வளர்ந்துகொண்டே போனால் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் வளர்ந்தால் ஆளைக் கூப்பிடலாம்.

## அறிகுறி: அழித்தேன், இடம் வரவில்லை, கூட்டினால் கணக்கு ஒத்துவரவில்லை

ஃபோல்டர்களைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 60 ஜிபி. டிரைவோ 95 ஜிபி நிரம்பியது என்கிறது.

ரீசைக்கிள் பின் ஒவ்வொரு டிரைவுக்கும் தனி. டி-யில் அழித்தது டி-யிலேயே கிடக்கும். வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் அப்படியே. டெஸ்க்டாப்பில் இருக்கும் பின்னைக் காலி செய்தால் எல்லாம் போகும், ஆனால் அந்த வெளி டிஸ்க் அப்போது செருகியிருக்க வேண்டும். அடுத்து, கணினியில் இரண்டு யூசர் கணக்கு இருந்தால் மற்றவருடைய ஃபோல்டரை உங்கள் கணக்கு எண்ணாது. விஸ்ட்ரீயை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டச் சொன்னது இதற்காகவும்தான். மேலே சொன்ன ரீஸ்டோர் பாயின்ட்டும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற பூட்டிய ஃபோல்டரில் இருப்பதால் சாதாரணக் கூட்டலில் வராது. வின்எஸ்எக்ஸ்எஸ் இதற்கு நேர்மாறு: ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இணைக்கப்பட்டிருப்பதால் எக்ஸ்ப்ளோரரில் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கோப்புகளை இணையத்தில், அதாவது மேகத்தில், வைக்கும் ஒன்டிரைவில் சிக்கல் வேறு. அங்கே கோப்பை அழித்தால் மேகத்திலும் அழியும். வீட்டுக் கணினியிலும் காணாமல் போகும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். மேகக் குறி வந்தால் சரி.

இவை எதிலும் அடங்காமல் இடம் காணாமல் போயிருந்தால், திடீர் மின்வெட்டில் அரைகுறையாக எழுதப்பட்ட கோப்புகள் காரணமாக இருக்கலாம். டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'டூல்ஸ்', 'செக்'. முடிந்தபின் 'ஃபவுண்ட்' என்ற பெயரில் எண்ணோடு ஒரு மறைந்த ஃபோல்டர் உருவாகியிருந்தால், உள்ளே இருப்பவை உரிமையாளர் தெரியாத துண்டுகள். அதே சமயம் ஏதாவது கோப்பைக் காணவில்லை என்றால் அழிக்காமல் வையுங்கள். எதுவும் தொலையவில்லை என்றால் அழிக்கலாம். டிஸ்க் மஞ்சள் காட்டினால் இந்தச் சோதனையே கூடாது.

புது டிஸ்க் வாங்கி 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று திருப்பிக் கொண்டுபோவோரும் உண்டு: 1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபியும், 256 ஜிபி எஸ்எஸ்டியில் 238 ஜிபியும் தெரிவது சரியான அளவுதான். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

## அறிகுறி: போட்டோஷாப்பில் 'ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்'; எடிட்டிங் நடுவில் நிற்கிறது

12 × 36 ஆல்பம் ஷீட் ஒன்று 300 டிபிஐ-யில் 3600 × 10800 புள்ளி. முழு லேயர் ஒன்றுக்கே சுமார் 117 எம்பி. பத்து லேயரும் ஹிஸ்டரியும் சேர்ந்தால் ரேம் போதாமல் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அதற்குப் பெயர்தான் ஸ்கிராட்ச். எடிட், ப்ரெஃபரன்சஸ், 'ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்' போய் சி-யின் டிக்கை எடுத்து டி-யில் போடுங்கள். போட்டோஷாப் சிக்கி மூடிக்கொண்டிருந்தால் அதன் டெம்ப் கோப்புகள் ஜிபி கணக்கில் யூசருடைய டெம்ப் ஃபோல்டரில் அனாதையாகக் கிடக்கும். போட்டோஷாப்பை மூடிவிட்டு அழியுங்கள், திறந்திருக்கும்போது தொடாதீர்கள்.

வீடியோ எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியரில் குற்றவாளி மீடியா கேஷ், அதாவது அது சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள். எல்லா ப்ராஜெக்டையும் மூடி, ப்ரெஃபரன்சஸில் 'மீடியா கேஷ்' பகுதியில் 'டெலீட்' கொடுங்கள். அசல் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தமுறை திறக்கும்போது திரும்ப உருவாக்கிக்கொள்ளும், கொஞ்சம் நேரம் எடுக்கும். அதே இடத்தில் கேஷின் இருப்பிடத்தை வேறு டிரைவுக்கு மாற்றி, இத்தனை நாளுக்கு மேற்பட்டதைத் தானாக அழிக்கும்படியும் அமைக்கலாம். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துவோர் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் சேரும் ரெண்டர் கோப்புகளைப் பாருங்கள்; வேலை முடிந்த ப்ராஜெக்டில் அவை தேவையில்லை.

கேஷை எத்தனை முறை துடைத்தாலும் ரஷ் (எடிட் செய்யாத அசல் வீடியோ) குறையாது. 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. நிச்சயம், நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று இரண்டு கேமராவில் ஆறாறு மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணம் 540 ஜிபி. இதைச் சுத்தம் செய்து சமாளிக்க முடியாது, டிஸ்க் வாங்கித்தான் தீர வேண்டும். ஆல்பமும் வீடியோவும் ஒப்படைத்து, அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ரஷ் இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும். எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே பில்லில் எழுதிவிடுவது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

## அறிகுறி: பென்டிரைவில் இடம் இருந்தும் காப்பி ஆகவில்லை, அல்லது காலியாகத் தெரிந்தும் இடமில்லை

முதலாவது: 32 ஜிபி காலி, கல்யாண வீடியோ 6 ஜிபி, ஆனாலும் 'ஃபைல் இஸ் டூ லார்ஜ்' என்கிறது. பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். வாங்குபவர் பழைய டிவியில் செருகிப் பார்ப்பவராக இருந்தால் அது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். அவருக்கு வீடியோவை 4 ஜிபிக்குள் துண்டுகளாக ஏற்றி ஃபேட்32-இலேயே கொடுங்கள்.

இரண்டாவது: உள்ளே ஒன்றுமில்லை அல்லது ஷார்ட்கட் மட்டும், ஆனால் இடம் நிரம்பியிருக்கிறது. ஷார்ட்கட் வைரஸ் கோப்புகளை மறைத்து வைத்திருக்கிறது, அவை அழியவில்லை. ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், ஷார்ட்கட்டையும் அழுத்தாதீர்கள். எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸ், 'வியூ' பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, 'ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுங்கள். மங்கலாகத் தெரியும் ஃபோல்டருக்குள், சில சமயம் பெயரே இல்லாத ஃபோல்டருக்குள், எல்லாம் இருக்கும். வெளியே எடுத்து வேறிடத்தில் வைத்து, டிஃபெண்டரில் ஸ்கேன் செய்து, பிறகு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். கடைக் கணினியையும் ஸ்கேன் செய்யாவிட்டால் அடுத்த வாடிக்கையாளரின் பென்டிரைவுக்கும் அது போய்ச் சேரும்.

## அறிகுறி: சி நிரம்பிவிட்டது, டி முழுக்கக் காலி

டி-யைச் சுருக்கி சி-யை நீட்டலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறப்பார்கள். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடக்கும். காரணம், சி-யை நீட்ட அதன் வலப்பக்கத்தை ஒட்டிய காலி இடம் வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வால்பக்கம் விழும், சி-க்கு எட்டாது. டி-யில் இருப்பதை வெளியே எடுத்து, டி-யை நீக்கி, சி-யை நீட்டி, மீதியில் டி-யை மறுபடி உருவாக்குவதே நேரான வழி. நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் ஒன்று குறுக்கே நின்றால் அதுவும் நடக்காது. டி-யை அப்படியே நகர்த்தும் மென்பொருள்கள் உண்டு. பாதியில் கரண்ட் போனால் இரண்டும் போய்விடும். ஃபோல்டர்களை டி-க்கு மாற்றுவது இதைவிட எளிது, ஆபத்தும் இல்லை; பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும். விண்டோஸில் அது பெயரில்லாத பார்ட்டிஷனாகத் தெரியும். 'சும்மா கிடக்கிறது' என்று அதை நீக்கினால், ஆன் செய்யும்போது இரண்டில் எதைத் திறப்பது என்று கேட்கும் க்ரப் மெனுவின் கோப்புகளும் சேர்ந்து போய், அடுத்தமுறை கருப்புத் திரையில் 'ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும். விண்டோஸ் துவக்கத்தைச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

## அறிகுறி: முழுக்க நிரம்பி, விண்டோஸே ஏறவில்லை

சைன்-இன் திரை வந்தால் பவர் குறியில் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுவும் வராவிட்டால், விண்டோஸ் ஏறும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை நிறுத்தினால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், பிறகு 4 அழுத்தினால் சேஃப் மோட். அங்கே டவுன்லோட்ஸிலிருந்து இரண்டு மூன்று ஜிபியை வெளி டிஸ்க்குக்கு நகர்த்தினாலே வழக்கம்போல் ஏறிவிடும். சேஃப் மோடும் வராவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி-சாட்டா கேபிளில் வேறு கணினியில் செருகிக் காலி செய்யலாம். புதிய லேப்டாப்பில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது கிடைக்காத நிலையில் 'ரீசெட்' பொத்தானை அழுத்த வேண்டாம்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் அல்லது சிவப்பு. காப்பி எடுக்கும்போது ஒரே கோப்பில் நின்றுபோதல். டேலி டேட்டா திறக்காமை. தவறாக அழித்த கோப்பு திரும்ப வேண்டும் என்ற நிலை. இவற்றில் எதுவானாலும் கணினியை ஆஃப் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். அழிந்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கில், அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரைதான் சாத்தியம். எஸ்எஸ்டியில் ட்ரிம் (அழித்த இடத்தை உள்ளேயே துடைக்கும் வேலை) ஓடிவிட்டால் அநேகமாகக் கிடைக்காது. மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இறக்கி இன்ஸ்டால் செய்வது, தேடும் கோப்பின் மேலேயே எழுதுவதற்குச் சமம்.

பெரிய எஸ்எஸ்டி போடுவதென்றால் பழைய லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா போதும், எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இ-யா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது ஓடாமல் போகலாம். புது விண்டோஸ் போடவா, க்ளோன் செய்யவா (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதா) என்று மெக்கானிக் கேட்பார். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பம், டேலி லைசென்ஸ் எல்லாம் உள்ள கணினிக்குக் க்ளோன்தான் சிக்கனம். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியதில் டேலி கம்பெனி திறந்து, ஸ்கேனர் ஓடி, பழைய பேக்கப் ஒன்றை ரீஸ்டோர் செய்து பார்க்கும்வரை அதை ஃபார்மேட் செய்ய வேண்டாம்.